முடிவு யாருடையது? தலைமைப் பாணியும் பணியாளர் பங்கேற்பும்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஷிப்ட் நேரத்தை மாற்றுவது பற்றிக் கருத்துக் கேட்க எங்கள் மேலாளர் கூட்டம் போட்டார். மாலை நான்கு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் வந்தன. "எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க" என்றார். பேசினோம். ஓய்வுபெற இரண்டு ஆண்டே மீதமிருந்த மூத்த எழுத்தர் ஒருவர், யார் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், அந்த ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றெல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தார். மேலாளர் அதை வாங்கிப் பார்த்துத் தலையசைத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அவர் முதலில் சொன்ன அதே நேரம்தான். சுற்றறிக்கையில் தட்டச்சாகியிருந்த தேதி, கூட்டம் நடந்ததற்கு இரண்டு நாள் முந்தையது.

அந்தத் தேதியை எல்லாரும் பார்த்தோம். அடுத்தடுத்த கூட்டங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. "நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிதான் சார்" என்பதே எல்லாருடைய பதிலும். மேலாளர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

தலைமைப் பண்பு பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, ஒருவர் கண்டிப்பானவரா, கலந்து பேசுபவரா என்பதைத்தான். ஆளுக்கொரு பாணி உண்டு, அதைத் தேர்ந்து கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பாணியை ஆளுக்கு ஒன்றாக அமைத்துக்கொள்வதைவிட, முடிவுக்கு ஒன்றாகத் தேர்வதே பயன் தருகிறது. அதைவிட முக்கியமானது, இந்த முடிவில் பணியாளருக்கு எவ்வளவு இடம் என்பதை அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது. இந்தக் கட்டுரை சொல்லவருவது இதைத்தான்.

தலைவர் வெளியே போனால்

இத்துறையின் தொடக்கம் சிறுவர்கள் விளையாட்டாகக் கூடிய மன்றங்களில் இருக்கிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர் குர்ட் லெவின், அமெரிக்காவின் அயோவாவில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோருடன் சேர்ந்து 1930-களின் இறுதியில் ஒரு சோதனை நடத்தினார். பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். சில குழுக்களில் தலைவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்து ஆணையிட்டார். சிலவற்றில் கலந்து பேசி முடிவெடுத்தார். சிலவற்றில் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார்.

ஆணையிட்டு நடத்திய குழுவிலும் வேலை நடந்தது. ஆனால் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் அது சரிந்தது. கலந்து பேசிய குழுவிலோ அவர் போன பிறகும் வேலை பெரிதும் அப்படியே தொடர்ந்தது. எதேச்சாதிகாரத்திலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு இந்தக் காட்சி எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் சிறுவர் மன்றத்தில் கூலி இல்லை, ஆர்டர் இல்லை, கெடு இல்லை. தொழிற்சாலையில் இது நிற்குமா என்ற கேள்விக்கு விடை பத்தாண்டு கழித்து வந்தது.

பைஜாமா ஆலையில் மூன்று வழிகள்

வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் என்ற சிற்றூரில் ஹார்வுட் நிறுவனம் பைஜாமா தைத்துவந்தது. சுற்றுவட்டார மலைக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களே பெரும்பாலும் அங்கே வேலை செய்தார்கள். சம்பளம் பீஸ் ரேட். மணிக்கு 60 அலகு என்பது நிர்ணயிக்கப்பட்ட அளவு. நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் மாரோ தாமே உளவியல் படித்தவர், லெவினுக்கு நெருக்கமானவர்.

ஆலையின் தீராத தலைவலி வேலைமுறை மாற்றம். முறையைச் சற்று மாற்றினாலும் உற்பத்தி விழும், புகார்கள் எழும், ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். வேலை மாற்றப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினர்தான் பழையபடி 60 அலகை எட்டினார்கள். மற்றவர்கள் எட்டவே இல்லை, அல்லது நின்றுவிட்டார்கள். இத்தனைக்கும் மாற்றக் காலத்தில் வருமானம் குறையாதிருக்க நிறுவனம் ஈட்டுத்தொகையும் கொடுத்துவந்தது. அப்படியென்றால் காசு மட்டும் காரணமில்லை. வேறு என்ன என்பதை அறிய லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் செய்த சோதனை 1948-இல் வெளியானது.

முதல் குழுவில் அயர்ன் செய்யும் 18 பேர். தேய்த்த துணியை அரை டஜனாக ஓர் அட்டைமேல் அடுக்கிவந்தவர்கள், இனி அதே இடத்தில் வைக்கப்படும் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். அவர்களைக் கூப்பிட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, முறை மாறுகிறது, புதிய ரேட் இது என்று விளக்கினார்கள். சந்தேகங்களுக்குப் பதிலும் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் துணி மடிக்கும் 13 பேர். அவர்கள் தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுக்க, அந்தப் பிரதிநிதிகள் புதிய முறையையும் ரேட்டையும் வகுப்பதில் பங்கெடுத்தார்கள். மூன்றாவது வகையில் எட்டுப் பேரும் ஏழு பேருமாக இரண்டு சிறு குழுக்கள். திருப்பூர்க்காரர்கள் பிசிறு வெட்டுதல், செக்கிங் என்பார்களே, அந்த வேலை. இங்கே பிரதிநிதி என்று யாரும் இல்லை. எல்லாருமே உட்கார்ந்து பேசி முறையை வகுத்தார்கள்.

பங்கேற்புக்கு அழைத்த குழுக்களிடம் பேச்சைத் தொடங்கிய விதம் பார்க்கத்தக்கது. அதே ஆலையில் தைத்த, ஒரே மாதிரியான இரண்டு உடைகளை மேசைமேல் வைத்தார்கள். ஒன்று 1946-இல் தைத்தது, மற்றது 1947-இல் தைத்தது. முன்னது பின்னதைப் போல இரு மடங்கு விலைக்கு விற்றிருந்தது. எது மலிவானது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாராலும் முடியவில்லை. செலவைக் குறைக்காவிட்டால் ஆலை நிற்காது என்பதை அந்தப் பெண்கள் தம் கையால் தொட்டே புரிந்துகொண்டார்கள். எல்லாரும் பங்கேற்ற குழுக்களில், சுருக்கெழுத்தாளர் எழுதித் தீராத அளவுக்கு யோசனைகள் வந்தனவாம்.

முதல் குழுவின் உற்பத்தி விழுந்தது, விழுந்தபடியே நின்றது. நாற்பது நாளுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். புதிய ரேட் அநியாயம் என்று புகார் எழுந்தது. சரிபார்த்தபோது அந்த ரேட் தொழிலாளிக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது. பிரதிநிதிகளை அனுப்பிய குழு இரண்டு வாரத்தில் மணிக்கு 61 அலகை எட்டியது. எல்லாரும் பங்கேற்ற குழுக்கள் அதைவிட விரைவாக மீண்டு, மாற்றத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதலாக உற்பத்தி செய்தன. சோதனைக் காலத்தில் இவர்களில் ஒருவரும் வேலையை விடவில்லை. பிரதிநிதிகளாகச் சென்றவர்களின் பேச்சும் மாறியிருந்தது. "எங்க வேலை, எங்க ரேட்" என்றார்கள்.

முதல் குழுவில் இருந்தவர்களே முரண்டு பிடிப்பவர்களாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டரை மாதம் கழித்து, அக்குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை எல்லாரையும் பங்கேற்க வைத்தார்கள். அதே ஆட்கள் சில நாளிலேயே பழைய அளவை எட்டித் தாண்டியும் போனார்கள்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. செலவைக் குறைக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஹார்வுட் நிர்வாகம் தொழிலாளரைக் கேட்கவில்லை. அது ஏற்கெனவே எடுத்த முடிவு. அதை ஒளிக்கவுமில்லை. எப்படிக் குறைப்பது என்பதுதான் பேசுவதற்கு வைத்த பொருள். எந்தக் கதவு மூடியிருக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது உள்ளே வரும்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பங்கேற்பு பலிக்காத இடம்

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு, கேட்டால் போதும், உற்பத்தி பெருகும் என்று சொல்லிவிட முடியாது. அதே ஜான் ஃபிரெஞ்ச் வேறு இருவருடன் சேர்ந்து நார்வேயின் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதைத் திரும்பச் செய்துபார்த்தார். 1960-இல் வெளியான அந்த ஆய்வில், பங்கேற்ற குழுக்களுக்கும் மற்றவற்றுக்கும் உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பேசுவதற்குத் தரப்பட்ட விஷயங்கள் தொழிலாளரின் பார்வையில் அவ்வளவு முக்கியமானவையாக இல்லை. நிர்வாகத்துடன் பேச வேண்டியது தொழிற்சங்கத்தின் வழியாகத்தான் என்ற பழக்கமும் அங்கே வேரூன்றியிருந்தது. இந்த வகைப் பங்கேற்பு முறையானது என்று கருதியவர்களிடம்தான் மனநிலையில் நல்ல மாற்றம் தெரிந்தது.

பின்னர் 1994-இல் ஜான் வாக்னர் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டார். பங்கேற்பினால் வேலைத்திறனுக்கும் மனநிறைவுக்கும் ஏற்படும் நன்மை உண்மையானது, ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறியது என்பது அவர் முடிவு. இந்த எச்சரிக்கையை மறைக்காமல் சொல்வதே நேர்மை. அதே சமயம் சராசரி என்பது பலித்ததையும் பலிக்காததையும் ஒன்றாகக் கலந்த கணக்கு. பலித்த இடங்களில் என்ன இருந்தது என்று பார்ப்பதே நமக்கு உதவும். ஹார்வுட்டில் தம் கைவேலையையும் கூலியையும் தொடும் விஷயம் பேசப்பட்டது. நார்வேயில் அப்படிப்பட்டது பேசப்படவில்லை.

அகமதாபாத்தின் தறிக்கொட்டகை

நம் நாட்டுச் சான்று ஒன்று உலகமெங்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் 1952-இல் தானியங்கித் தறிகள் வந்தன. தறி நவீனமானது, ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அங்கே வந்து பார்த்தார்.

கொட்டகையில் 224 தறிகள். ஒரு ஷிப்டில் 29 பேர், 12 விதமான வேலைகள். நெய்பவர் ஒருவர், பாபின் நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழைகளைக் கட்டுபவர் ஒருவர், எண்ணெய் போடுபவர், பெருக்குபவர் என்று ஆளுக்கொரு வேலை. ஒவ்வொரு வேலைக்காரருக்கும் வேறு வேறு எண்ணிக்கையில் தறிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதனால் எந்த இருவருடைய எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்தத் தறி நின்றால் இது எங்கள் தறி என்று சேர்ந்து ஓடி வர ஒரு குழுவே அங்கே இல்லை.

ஒரு தறிக் கூட்டத்துக்கு ஒரு தொழிலாளர் குழு என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். நிர்வாகத்துடன் பேசத் தொடங்கிய யோசனையை மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் உடனே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். 64 தறிகளுக்கு ஏழு பேர் என்று குழு அமைந்தது. தொடக்கத் தடுமாற்றங்களைத் தாண்டிச் சோதனைக் குழுக்கள் நிலைப்பட்டபோது, செயல்திறன் 80 விழுக்காட்டிலிருந்து 95-க்கு உயர்ந்தது. சேதத்துணி 32 விழுக்காட்டிலிருந்து 20-க்குக் குறைந்தது.

கதை அங்கே முடியவில்லை. 1970-இல் எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் அந்த ஆலைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு கொட்டகையில் குழுமுறை ஏறத்தாழ அப்படியே உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் சந்தையின் தேவை மாறியதும், நெருக்கடி கூடியதும், மேலிருந்து தலையீடு வந்ததும் முறை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. பங்கேற்பு ஒருமுறை நட்டுவிட்டு மறந்துவிடும் மரமில்லை. நெருக்கடி வரும்போதும் தலைமை அதைக் காத்து நிற்க வேண்டும்.

எந்த முடிவுக்கு எந்த வழி

ஒரு மேலாளர் தம் நிலையை எப்படித் தேர்வது? ராபர்ட் டானன்பாம், வாரன் ஷ்மிட் இருவரும் 1958-இல் எழுதிய கட்டுரை இன்றும் பயன்படுகிறது. தலைவரே முடிவெடுத்து அறிவிப்பது ஒரு முனை. எல்லையை மட்டும் சொல்லிவிட்டுக் குழுவையே முடிவெடுக்க விடுவது மறுமுனை. இடையில் பல படிகள். எந்தப் படியில் நிற்பது என்பதை மூன்று தீர்மானிக்கும் என்றார்கள்: தலைவரின் இயல்பும் நம்பிக்கையும், பணியாளரின் அனுபவமும் விருப்பமும், சூழலின் நெருக்கடி.

அவர்கள் சொன்ன இரண்டு எச்சரிக்கைகள் என் மனத்தில் நிற்கின்றன. எத்தனை முடிவுகளைப் பணியாளரிடம் விடுகிறோம் என்ற எண்ணிக்கை பங்கேற்பின் அளவுகோல் ஆகாது. மேசையை எங்கே போடுவது என்பதை அவர்களிடம் விட்டுவிட்டு, வேலையையே மாற்றும் இயந்திரத்தை யாரையும் கேட்காமல் வாங்குவதைக் கலந்து பேசுதல் என்று சொல்ல முடியாது. மற்றொன்று, மனத்துக்குள் முடிவெடுத்துவிட்டு, அது அவர்கள் யோசனை என்று அவர்களையே நம்பவைக்கப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. அந்தச் சுற்றறிக்கையின் தேதி எனக்கு நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான்.

விக்டர் வ்ரூம், ஃபிலிப் யெட்டன் இருவரும் 1973-இல் இதை இன்னும் கூர்மையாக்கி ஐந்து வழிகளாகப் பிரித்தார்கள். தனியாக முடிவெடுப்பது, தகவல் மட்டும் கேட்டு முடிவெடுப்பது, ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டு முடிவெடுப்பது, எல்லாரையும் கூட்டிக் கேட்டுத் தாம் முடிவெடுப்பது, கூட்டாகவே முடிவெடுப்பது. எதைத் தேர்வது என்பதற்கு ஏழு கேள்விகள். சாரத்தில் அவை கேட்பவை இவை: இதில் ஒரு வழி மற்றதைவிடச் சிறந்ததா, எதுவானாலும் ஒன்றா? வேண்டிய தகவல் என்னிடம் இருக்கிறதா? சிக்கல் தெளிவாக இருக்கிறதா? பணியாளர் மனமுவந்து ஏற்றால்தான் வேலை நடக்குமா? நான் தனியே முடிவெடுத்தால் ஏற்பார்களா? நிறுவனத்தின் நோக்கம் அவர்கள் நோக்கமும்தானா? அவர்களுக்குள்ளேயே கருத்து மோதல் வருமா?

ஷிப்ட் நேரத்தை இந்தக் கேள்விகளின் முன் வைத்துப் பார்க்கலாம். கடைசிப் பேருந்து பற்றிய தகவல் மேலாளரிடம் இல்லை, எழுத்தரின் தாளில் இருந்தது. அன்றாடம் அந்த நேரத்துக்கு வந்துபோக வேண்டியவர்கள் பணியாளர்கள். இரண்டு கேள்விகளே போதும், அது தனியே எடுக்க வேண்டிய முடிவு இல்லை என்று காட்ட. அதே மேலாளர் எந்த நிறுவனத்திடம் காகிதம் வாங்குவது என்று எல்லாரையும் கூட்டிக் கேட்டிருந்தால் அது நேர விரயமாகியிருக்கும்.

"சார் சொன்னா சரி" என்னும் மண்ணில்

மேலைநாட்டு ஆய்வுகள் நம் அலுவலகங்களுக்கு அப்படியே பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. பாட்னாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜெய் பி. பி. சின்ஹா இதை நேராக எதிர்கொண்டார். மேலதிகாரியை அண்ணனாக, ஐயாவாகப் பார்த்து, அவர் வழிகாட்டுதலை எதிர்நோக்கும் பழக்கமுள்ள இடத்தில் முதல் நாளே நீங்களே முடிவெடுங்கள் என்றால் ஆட்கள் திகைத்துப்போவார்கள். தலைவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்றுகூட எண்ணுவார்கள். சின்ஹா 1980-இல் நூலாக முன்வைத்த தலைமை, பேணி வேலைவாங்கும் தலைமை. அக்கறை உண்டு, ஆனால் அது வேலையோடு கட்டப்பட்டது. வேலை கற்றுத் தேறத் தேற, தலைவர் படிப்படியாகக் கையை விலக்கி, பங்கேற்பை நோக்கி ஆளைக் கொண்டுசெல்ல வேண்டும். பிள்ளைக்கு சைக்கிள் கற்றுத்தரும் தகப்பன் எப்போது சீட்டிலிருந்து கையை எடுப்பது என்று அறிந்திருப்பதைப் போன்றது இது. கையை எடுக்காமலே பின்னால் ஓடிக்கொண்டிருப்பதும் தவறுதான். மௌனத்தை நம் பண்பாடு என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும் மேலாளர்கள் செய்வது அதைத்தான்.

சட்டமும் இங்கே ஒரு பாடம் தருகிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களில் இருதரப்பினரும் இடம்பெறும் பணிக்குழுவுக்கு வழிசெய்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை 43ஏ பிரிவாக அரசமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆனால் 1959-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பணிக்குழுக்களுக்கு வகுத்த பட்டியலில் காற்றோட்டம், வெளிச்சம், குடிநீர், கேண்டீன் போன்றவை உள்ளே இருந்தன; சம்பளம், போனஸ், ஆட்குறைப்பு போன்றவை வெளியே நிறுத்தப்பட்டன. அவற்றைப் பேரம் பேசத் தொழிற்சங்கம் இருக்கிறது என்பது அதற்கான நியாயம். எனினும் ஒரு தொழிலாளியின் வாழ்வைத் தொடும் விஷயங்கள் நீங்கிய மேசையில் உயிர் இருக்காது. நார்வே சொன்னதும் இதுவே.

அவசரத்திலும் காது வேண்டும்

அவசர நேரத்தில் கூட்டம் போட முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரமும் பேச விடும் பழக்கமும் வேறு வேறு. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 என்ற விமானம், சக்கர இயக்கத்தில் தோன்றிய கோளாறைச் சரிபார்ப்பதற்காகப் போர்ட்லேண்ட் நகரின் வானில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடனிருந்த விமானிகள் அதைக் குறிப்பிட்டார்கள். ஆனால் தலைமை விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அதன் பின் 1981-இல் அந்த நிறுவனம், இளையவர் அழுத்திச் சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் கற்றுத்தரும் பயிற்சியைத் தொடங்கியது. இன்று அது விமானத்துறை எங்கும் பரவியிருக்கிறது. இறுதி முடிவு இன்றும் தலைமை விமானியுடையதுதான். தமக்குத் தெரிந்ததைச் சொல்லும் கடமை எல்லாருடையதும்.

கேட்கும் முன் சொல்ல வேண்டியது

ஆலன் லிண்டும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்தும். இலக்கு நிர்ணயிக்கும் முன் கருத்துச் சொல்ல வாய்ப்புப் பெற்றவர்கள் நடைமுறையை மிக நியாயமானதாகக் கருதினார்கள். நிர்ணயித்த பின் வாய்ப்புப் பெற்றவர்கள், தம் பேச்சு எதையும் மாற்றாது என்று தெரிந்தும், வாய்ப்பே பெறாதவர்களைவிட அதை நியாயமாக எண்ணினார்கள். காதுகொடுப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. இதைப் படித்துவிட்டு, வெறுமனே கேட்டுவைத்தால் போதும் என்று எண்ணுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே முடிவு முடிந்துவிட்டது என்பது மறைக்கப்படவில்லை. தவிர, சோதனைக்கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்தவர்கள் மறுநாள் அங்கே திரும்பி வருவதில்லை. அலுவலகத்தில் மறுநாள் காலை அறிவிப்புப் பலகை இருக்கிறது.

எனவே கூட்டத்தைத் தொடங்கும் முன் தலைவர் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுண்டு. "இது முடிவாகிவிட்டது, காரணத்தைச் சொல்கிறேன்" என்பது நேர்மையான வாக்கியம். "முடிவு என்னுடையது, உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை எடுப்பேன்" என்பதும் நேர்மையானதே. "செலவு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் நீங்களே முடிவெடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பதும் அப்படியே. மூன்றில் எதைத் தேர்வது என்பது முடிவைப் பொறுத்தது. ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் செய்யாதிருப்பது தலைவரின் குணத்தைப் பொறுத்தது. ஒருவர் தமக்கென்று ஒரு பாணியை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இந்த நாணயமாக இருக்கட்டும்.

கேட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எந்த யோசனையை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று திரும்ப வந்து சொல்வது. அந்த மூத்த எழுத்தரின் தாள் ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. "உங்க பஸ் கணக்கைப் பார்த்தேன், இந்தக் காரணத்தால் இப்போ மாத்த முடியலை" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த கூட்டத்துக்கும் அவர் ஒரு தாளோடு வந்திருப்பார்.